தோற்கருவிகளின் நாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேளத்தில் ஒலி எழுவது எங்கே? தோலிலா, உள்ளே இருக்கும் வெற்றிடத்திலா?

பெரும்பாலும் தோலில்தான். விளிம்பில் இழுத்துக் கட்டப்பட்ட தோலைத் தட்டியதும் அடி விழுந்த இடம் சற்றே உள்வாங்குகிறது. அந்தக் குழிவு அலையாகி நாலாபுறமும் ஓடி, அசையாத விளிம்பில் மோதித் திரும்புகிறது. போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்து, சில குறிப்பிட்ட வகை அசைவுகளாகத் தோலில் நிலைபெறுகின்றன. தோல் மேலெழும்போது முன்னிருக்கும் காற்று நெருங்குகிறது, கீழிறங்கும்போது தளர்கிறது; இந்த நெருக்கமும் தளர்வும் நம் காதுவரை வருவதையே ஒலி என்கிறோம்.

உள்ளே இருப்பது வெற்றிடம் அல்ல, காற்று. அதற்கும் நாதத்தில் பெரிய பங்கு உண்டு. உடலே இல்லாமல் வளையத்தில் மட்டும் தோல் கட்டிய கருவியில், தோலின் முன்புறம் காற்று நெருங்கும் அதே நொடியில் பின்புறம் தளர்கிறது. அலைநீளம் அதிகமான தாழ்ந்த ஒலிகளில் இவை இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். ஆழமான உடலோ மூடிய கிண்ணமோ இருந்தால் பின்புறத்து அலை அடைபடுகிறது. ஆகவே அடிநாதம் கனமாகக் கேட்கிறது.

வீணைத் தந்தியை மீட்டினால் சுரம் கேட்கிறது. மேளத்தைத் தட்டினால் ஏன் ‘தட்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது?

தோற்கருவி பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

தந்தியை மீட்டும்போது அது முழு நீளமாக ஆடுவதோடு இரண்டு பாதிகளாகவும், மூன்று பாகங்களாகவும், நான்கு பாகங்களாகவும் ஒரே சமயத்தில் ஆடுகிறது. இந்த ஆட்டங்களின் அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்ற முழு எண் விகிதத்தில் அமைவதால், நம் காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே சுரமாகக் கட்டிக்கொள்கிறது. வட்டத் தோலும் இப்படிப் பல விதமாக ஒரே நேரத்தில் ஆடத்தான் செய்கிறது. ஆனால் அதன் அதிர்வுப் பாங்குகளின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று போகின்றன. இவற்றுக்குள் எந்த எளிய உறவும் இல்லை. காது இவற்றை ஒரே சுரமாகச் சேர்க்க முடியாமல், ஒரு கலவைச் சத்தமாகவே ஏற்கிறது.

முதற்பாங்கில் தோல் முழுவதும் ஒரே சமயத்தில் மேலும் கீழும் போகிறது. இரண்டாவதில் வட்டத்தின் ஒரு பாதி எழும்போது மறுபாதி இறங்குகிறது. நடுவில் ஓடும் விட்டம் அசைவதே இல்லை. மூன்றாவதில் இப்படி அசையாத விட்டங்கள் இரண்டு, சிலுவைபோல் அமைகின்றன. நான்காவதில் அசையாத கோடு ஒரு வட்டமாக உள்ளே அமைந்து, நடுப்பகுதி ஒரு திசையிலும் அதைச் சுற்றிய வளையம் எதிர்த் திசையிலும் ஆடுகின்றன. அசையாத இக்கோடுகளைக் கணுக்கோடுகள் என்கிறோம். தோலின் மேல் நுண்ணிய மணலைத் தூவி, அருகில் ஒலிபெருக்கியை வைத்து ஒலியின் அதிர்வெண்ணை மெல்ல உயர்த்தினால், ஒவ்வொரு பாங்கின் அதிர்வெண்ணை எட்டும்போதும் மணல் துள்ளித் துள்ளிக் கணுக்கோடுகளில் போய்ச் சேரும். எர்ன்ஸ்ட் கிளாட்னி உலோகத் தகடுகளில் மணலைத் தூவிக் கண்ட இத்தகைய கோலங்களை 1787-இல் வெளியிட்டார்.

இந்த இசையாத பாங்குகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தோற்கருவியும் தனக்கென்று ஒரு விடை வைத்திருக்கிறது. சில கருவிகள் அவற்றை அப்படியே விட்டுவிடுகின்றன, சில அடக்குகின்றன, ஒன்றிரண்டு கருவிகள் மட்டுமே திருத்தி இசைய வைக்கின்றன.

சுருதி எதைப் பொறுத்தது?

மூன்றைப் பொறுத்தது. விட்டம் இரட்டிப்பானால் அதிர்வெண் பாதியாகும். தோலின் இழுவிசை கூடினால் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அதிர்வெண் கூடும். தோலின் கனம், அதாவது ஒரு சதுர மீட்டர் தோலின் நிறை, கூடினால் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அதிர்வெண் குறையும்.

வர்க்கமூலம் என்பதன் பொருள், சுருதி ஏற்றும் கைக்கு நன்றாகவே புரியும். இழுவிசையை இரண்டு மடங்கு ஆக்கினாலும் அதிர்வெண் 1.41 மடங்குதான் ஆகிறது. ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம் வரைதான் ஏறியிருப்போம். மேல் ஸட்ஜத்தை எட்ட இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். வார்கள் அறுவதும் தோல் கிழிவதும் இந்தக் கடைசி ஏற்றத்தில்தான்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 14 அங்குல விட்டமுள்ள டிரம்மில் கால் மில்லிமீட்டர் தடிமனான மைலார் என்ற பாலியெஸ்டர் தாளைக் கட்டியிருப்பதாகக் கொள்வோம். அதன் நிறை சதுர மீட்டருக்குச் சுமார் 0.35 கிலோ. விளிம்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் 3000 நியூட்டன் இழுவிசை இருந்தால் முதற்பாங்கின் அதிர்வெண் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ் வரும். விளிம்பு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 340 கிலோ எடைக்கு நிகரான விசை அந்த வளையத்தை உள்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. இது காற்றே இல்லாத இடத்துக்கான கணக்கு. உண்மையில் தோல் தன்னோடு ஒரு படலக் காற்றையும் சுமந்து ஆடவேண்டியிருப்பதால், முதற்பாங்கின் அதிர்வெண் இதைவிடக் கணிசமாகத் தாழ்ந்திருக்கும்.

ஒரே மேளத்தில் நடுவில் அடித்தால் ‘தொம்’ என்றும், ஓரத்தில் அடித்தால் ‘கணீர்’ என்றும் ஏன் ஒலிக்கிறது?

அடி விழும் இடத்தில் எந்தப் பாங்குக்குக் கணு இருக்கிறதோ அந்தப் பாங்கு எழாது. விட்டக் கணு கொண்ட பாங்குகள் எல்லாவற்றுக்கும் வட்டத்தின் நடுப்புள்ளி கணுவாகவே இருப்பதால், சரியாக நடுவில் அடித்தால் அவற்றில் ஒன்றுகூட எழுவதில்லை. முதற்பாங்கும் அதன் வட்டக் கணு வகை உறவினர்களும் மட்டுமே ஒலிக்கும்.

அந்த முதற்பாங்கு சீக்கிரமே தீர்ந்துவிடும். தோல் முழுவதும் ஒன்றாக எழுந்து காற்றைத் தள்ளுவதால், தன் ஆற்றலை மிக வேகமாக ஒலியாக வெளியே கொட்டிவிடுகிறது. எனவே ஒலி உரக்கப் பிறந்து உடனே ஓய்கிறது. இரண்டாம் பாங்கில் ஒரு பாதி தள்ளும் காற்றை மறுபாதி உள்வாங்கிக்கொள்கிறது. வெளியே போகும் ஆற்றல் குறைவு என்பதால் கார்வை, அதாவது ஒலி நீடிக்கும் நேரம், நீள்கிறது. சிலுவைக் கணு கொண்ட பாங்கில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் நெருக்கமாக நடப்பதால் கார்வை மேலும் நீளும். நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் குச்சியை மெல்ல நகர்த்திக்கொண்டே தட்டிப் பார்த்தால், ‘தொம்’ கரைந்து ‘கணீர்’ முளைப்பதைக் காதாலேயே பின்தொடரலாம்.

குச்சி, கை, பஞ்சு சுற்றிய கோல்: இவற்றால் உண்மையிலேயே நாதம் மாறுமா?

மாறும். அடிக்கும் பொருள் தோலைத் தொட்டு விலகும் நேரம்தான் இதில் முக்கியம். கடினமான மரக்குச்சியின் முனை பட்டதும் தெறித்துவிடுவதால், வேகமாக அதிரும் உயர்ந்த பாங்குகளும் எழுகின்றன. பஞ்சு சுற்றிய கோல் தோலில் சற்றுத் தங்கிவிட்டுப் போகிறது. தங்கும் அந்த நேரத்துக்குள் மேலும் கீழும் ஆடி முடிக்கும் வேகமான பாங்குகளைக் கோலே அடக்கிவிடுகிறது. விரல் நுனிக்கும் விரித்த உள்ளங்கைக்கும் உள்ள வேறுபாட்டில், தொடும் நேரத்தோடு தொடும் பரப்பும் சேர்ந்துகொள்கிறது.

மிருதங்கமும் தபலாவும் மட்டும் எப்படிச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கின்றன?

வலந்தலையின், அதாவது வலக்கையால் வாசிக்கும் தோலின், நடுவில் பூசியிருக்கும் கரிய கரணையால்தான். இதை முதலில் அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் சி. வி. ராமன். சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1934-இல் இந்தியத் தோற்கருவிகள் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றவர் என்றே அவரைப் பலரும் அறிவார்கள். அவர் மிருதங்கத்தின்மேல் மணலைத் தூவிக் கணுக்கோடுகளைப் பதிவுசெய்தவரும்கூட என்பது என் பார்வையில் அதற்குக் குறைந்த செய்தி அல்ல.

கரணை செய்யும் வேலை இதுதான். முதற்பாங்கில் மிக அதிகமாக ஆடுவது தோலின் நடுப்பகுதி. அங்கே கனத்தை ஏற்றினால் அந்தப் பாங்கின் அதிர்வெண் நன்றாகக் குறையும். இரண்டாம் பாங்கில் நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. அதனால் அதே கனம் அதை அவ்வளவாகக் குறைப்பதில்லை. ஆகவே இரண்டுக்கும் இடையிலிருந்த 1.59 என்ற விகிதம் விரிந்து 2-ஐ நெருங்குகிறது. மற்றப் பாங்குகளும் இப்படியே நகர்ந்து வரிசையில் வந்து சேர்கின்றன. ராமன் கண்டபடி, ஒன்பது பாங்குகள் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் அமைந்த ஐந்து இசைச்சுரங்களாகத் திரள்கின்றன: முதல் இரண்டு சுரங்களுக்குத் தலா ஒரு பாங்கு, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் தலா இரண்டு, ஐந்தாவதுக்கு மூன்று. அதற்கும் மேலே உள்ளவற்றை, ஓரத்தை மூடியிருக்கும் மீட்டுத் தோல் அடக்கிவிடுகிறது.

கரணையை ஒரே பூச்சில் வைப்பதில்லை. கிட்டக்கல்லின் பொடியைக் குழைத்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலமாகப் பூசி, கல்லால் தேய்த்து, உலரவிட்டு, மறுபடி பூசுகிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிடச் சற்றுச் சிறிய வட்டமாக அமைய, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் கரணை உருவாகிறது. தேய்க்கும்போது விழும் நுண்ணிய வெடிப்புகள் குறை அல்ல. வெடிப்பில்லாத கரணை தகடுபோல் விறைத்துத் தோலை வளையவிடாது. வெடித்த கரணை கனத்தை மட்டும் கொடுத்துத் தோலோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும்.

‘நம்’ என்ற மிருதங்கச் சொல்லை வாசிக்கும் கையைக் கவனித்தால் பாங்குகளின் இயற்பியல் முழுவதும் அங்கே தெரியும். மோதிர விரல் கரணையின் ஓரத்தில் மெதுவாகத் தொட்டபடி இருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில் விழுகிறது. தொட்டிருக்கும் விரல் முதற்பாங்கை அமுக்கிவிடுகிறது; அந்த விரலின் வழியே கணுக்கோடு செல்லும் பாங்குகளுக்கு மட்டும் அது தடை செய்வதில்லை. ஆகவே இரண்டாம் இசைச்சுரம் தூய்மையாக எழுந்து நிற்கிறது. கணுக்கோடு என்ற சொல்லே தெரியாத காலத்திலும் வாத்தியக்காரர்களின் விரல் அதன்மேல்தான் இருந்தது.

மேற்கத்திய இசையின் கிண்ண வடிவ மேளமான டிம்பனியில் கரணை இல்லை. அதில் எப்படிச் சுரம் வருகிறது?

அங்கே கனம் ஏற்றுவது காற்று. அகன்ற தோல் பெருமளவு காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் தாழ்ந்த பாங்குகளின் அதிர்வெண்கள் இறங்குகின்றன. விட்டக் கணுக்கள் ஒன்று, இரண்டு, மூன்று கொண்ட பாங்குகள் இதனால் ஏறத்தாழ 1 : 1.5 : 2 என்ற விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. வாசிப்பவர் விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரையுள்ள தொலைவில் ஏறக்குறைய கால் பங்கு உள்ளே அடிக்கிறார். முழுத்தோலும் ஒன்றாக ஆடும் முதற்பாங்கு அந்த அடியில் வலுவாக எழுவதில்லை, எழுந்தாலும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எஞ்சிய பாங்குகளைக் கொண்டே காது சுரத்தைக் கட்டுகிறது. கரணை அளவுக்குத் துல்லியமான இசைவு இதில் கிடைப்பதில்லை என்றே நான் சொல்வேன். ஆனால் மிதியை அழுத்தி வாசிப்பின் நடுவிலேயே சுருதியை மாற்றிக்கொள்ளும் வசதி இதற்கு உண்டு.

இருபுறமும் தோல் உள்ள மேளத்தில், அடிக்காத தோலுக்கு என்ன வேலை?

நினைப்பதைவிட அதிகம். இரண்டு தோல்களையும் உள்ளே அடைபட்ட காற்று பிணைத்திருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் போகும்போது காற்று நெருக்கப்படாமல் சுமையாக மட்டும் கூடவே வருவதால் அதிர்வெண் தாழ்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும்போது காற்று நெருக்கப்பட்டு வில்போல் எதிர்த்துத் தள்ளுவதால் அதிர்வெண் உயர்கிறது. ஆகவே ஒற்றைத் தோலில் ஒன்றாக இருந்த முதற்பாங்கு இங்கே இரண்டாகப் பிரிகிறது. டிரம் செட்டில் உள்ள டாம் என்னும் மேளங்களில், அடிக்காத கீழ்த் தோலின் சுருதியைச் சற்று மாற்றினாலே கார்வையின் நீளமும் அடிநாதத்தின் ஆழமும் மாறிப்போவது இதனால்தான். மேல் தோலை மட்டுமே திருகித் திருகிச் சலித்துப்போனவர்களுக்கு, கீழ்த் தோலைக் கால் சுற்று திருகிப் பாருங்கள் என்பதே பல நேரம் போதுமான மருந்தாக இருக்கிறது.

பலா மரமா, வேப்ப மரமா, மேப்பிளா, பித்தளையா? உடலின் பொருள் எவ்வளவு முக்கியம்?

விற்பனை விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. உடலின் சுவர் நேரடியாக வெளியிடும் ஒலி, தோல் வெளியிடும் ஒலியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. உடலின் உண்மையான வேலைகள் வேறு: தோலின் விளிம்பை அசையாமல் பிடித்திருப்பது, உள்ளே எவ்வளவு காற்று எந்த வடிவத்தில் அடைபட வேண்டும் என்று தீர்மானிப்பது, தோல் வந்து அமரும் விளிம்புக்கு உருவம் கொடுப்பது. கனமான, விறைப்பான சுவர் தோலின் ஆற்றலைத் தான் உறிஞ்சாமல் தோலிடமே விட்டுவைக்கும். மெல்லிய, நெகிழ்வான சுவர் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மரத்தின் வகை இந்தக் கனத்தின் வழியாகவும் விறைப்பின் வழியாகவும்தான் நாதத்துக்குள் நுழைகிறது.

தோல் அமரும் விளிம்பு மட்டும் தனிக் கவனத்துக்கு உரியது. கூர்மையாகச் சீவிய விளிம்பில் தோல் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே படுவதால் ஒலி தெளிவாகவும் நீண்டும் வரும். உருண்ட விளிம்பில் அகலமாகப் படிவதால் உயர்ந்த பாங்குகள் சீக்கிரம் அடங்கிவிடும். விளிம்பில் ஒரு பள்ளம் இருந்தால், அதற்கு மேலே எந்த விலைமிக்க தோலைக் கட்டினாலும் அது சரியாகப் பேசாது.

ஸ்நேர் டிரம்மின் ‘சர்’ என்ற ஒலி எப்படி வருகிறது?

அடிப்புறத் தோலை உரசியபடி கட்டிய சுருள்கம்பிகளால். அந்தத் தோல் மிக மெல்லியது, சுமார் 0.075 மில்லிமீட்டர்தான் இருக்கும். மேலே அடி விழுந்ததும் அது கம்பிகளை உதறுகிறது, அவை திரும்பி வந்து தோலில் மோதுகின்றன. எண்ணற்ற இந்தச் சிறு மோதல்கள் சேர்ந்து இரைச்சலாகின்றன. இசையாத பாங்குகளைத் திருத்தாமல், அவற்றின்மேல் இரைச்சலைப் போர்த்திவிடும் வழி இது. பக்கத்தில் டாமை அடித்தாலே ஸ்நேர் தானாகச் சிலிர்ப்பது, இரண்டின் சுருதியும் நெருங்கியிருப்பதால். ஒன்றைச் சற்று ஏற்றியோ இறக்கியோ வைத்தால் அது தணியும்.

பலமாக அடித்தால் சுருதி ஏறி, பிறகு இறங்குவதுபோல் கேட்கிறதே?

பிரமை அல்ல. பலமான அடியில் தோல் ஆழமாக வளைவதால் சற்று நீள்கிறது, நீண்டதால் இழுவிசை கூடுகிறது. ஆட்டம் தணியத் தணியச் சுருதி தன் இடத்துக்குத் திரும்புகிறது. தளர்வாகக் கட்டிய பெரிய தோலில் இது நன்றாகக் கேட்கும். தபலாவின் இடப்பக்கக் கருவியில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தியும், மேற்கு ஆப்பிரிக்காவின் இடை சிறுத்த பேசும் மேளத்தில் கயிறுகளை அக்குளில் இறுக்கியும், இதே இழுவிசை மாற்றத்தை வாசிப்பவர் தன் வசப்படுத்திக்கொள்கிறார்.

மழைக்காலத்தில் தோல் ஏன் தளர்கிறது? மைலார் தளராதா?

விலங்குத் தோலின் நார்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நெகிழ்கின்றன. இழுவிசை குறைகிறது, கூடவே நீரின் எடையும் சேர்கிறது. இரண்டும் சுருதியைத் தாழ்த்தும் திசையிலேயே வேலை செய்கின்றன. பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுவது இந்த ஈரத்தை விரட்டத்தான். கஞ்சிராவின் உட்புறத்தில் நீர் தெளிப்பது, அதே ஈரத்தை வேண்டுமென்றே வரவழைத்துக் கனத்த அடிநாதம் பெறத்தான். 1950-களின் பிற்பாதியில் பரவிய மைலார் தாள் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆயினும் விலங்குத் தோலின் நார்களுக்குள்ளேயே நிகழும் உராய்வு உயர்ந்த பாங்குகளைத் தானாகவே தணித்துவிடும். மைலாரில் அவை நீண்டு கிணுகிணுப்பதால், பலரும் நாடாவோ பசைத்துண்டோ ஒட்டி அடக்க வேண்டியிருக்கிறது.

சுருதி சேர்த்த பிறகும் ஒலி ‘வவ் வவ்’ என்று அலைகிறது. என்ன கோளாறு?

விளிம்பைச் சுற்றி இழுவிசை சமமாக இல்லை. ஒற்றை விட்டக் கணு கொண்ட இரண்டாம் பாங்கை எடுத்துக்கொள்வோம். இழுவிசை எங்கும் சமமாக இருந்தால், அந்த விட்டம் எந்தத் திசையில் அமைந்தாலும் அதிர்வெண் ஒன்றே. ஒரு பக்கம் இறுகி, அதற்குக் குறுக்கே தளர்ந்திருந்தால், ஒரு திசையில் 180, மறு திசையில் 184 என்று இரண்டு அதிர்வெண்கள் பிறந்து, அவற்றின் வேறுபாடு நொடிக்கு நான்கு அலைவுகளாகக் கேட்கும்.

எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே சுற்றாக வரிசையில் இறுக்கினால் தோல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். பிறகு தோலின் நடுவில் விரலை மெல்ல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகுக்கு எதிரேயும் விளிம்பிலிருந்து மூன்று, நான்கு செண்டிமீட்டர் உள்ளே லேசாகத் தட்டிச் செல்ல வேண்டும். விரல் முதற்பாங்கை அமுக்கிவிடுவதால், ஒப்பிட வேண்டிய சுரம் மட்டும் தெளிவாகக் கேட்கும். மிருதங்கத்தில் இதே வேலையை, தோலின் விளிம்பைச் சுற்றிய பின்னலான மூட்டின்மேல் கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டி, வார் கோத்த கண் ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள்.

மேளத்தைப் பார்க்காமல், ஒலியைக் கேட்டே அதன் வடிவத்தைச் சொல்லிவிட முடியுமா?

1966-இல் மார்க் கட்ஸ் என்ற கணித அறிஞர் இதே கேள்வியைத் தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். எல்லாப் பாங்குகளின் அதிர்வெண்களும் தெரிந்தால் தோலின் பரப்பளவையும் சுற்றளவையும் கணக்கிட்டுவிடலாம். வடிவம் முழுவதையும் சொல்ல முடியுமா என்பதுதான் புதிராக இருந்தது. முடியாது என்று 1992-இல் கோர்டன், வெப், வோல்பெர்ட் ஆகிய மூவரும் நிறுவினர்: வெவ்வேறு வடிவம் கொண்ட, ஆனால் அதிர்வெண்களின் பட்டியல் அச்சு அசலாக ஒன்றாகவே உள்ள இரண்டு பலகோணத் தோல்களை அவர்கள் வரைந்து காட்டினர். பட்டியல் ஒன்றாக இருந்தாலும், கணுக்கோடுகள் ஓடும் இடங்கள் இரண்டிலும் வேறு வேறு. எனவே குச்சி விழும் இடத்தைப் பொறுத்து எந்தப் பாங்கு ஓங்கும், எது அடங்கும் என்பது மாறும்; கணிதத்தில் பிரிக்க முடியாத அந்த இரண்டு மேளங்களையும் நல்ல காது ஒருவேளை பிரித்துவிடக்கூடும்.